பந்தை எறிந்தவர்

மைதானத்தின் ஓரத்தில் நின்று ஒரு பந்தாட்டத்தைப் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே போகின்றது என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா? பந்து உயர எழுகின்றது. எல்லாருடைய பார்வையும் அதனோடு எழுகின்றது. அது எவருடைய கையிற் போய்ச் சேருகின்றதோ அவருக்கே ஆரவாரமும் கைதட்டலும் கிடைக்கின்றன. அதை எறிந்து விட்டவர் அப்போது எங்கே நின்றார் என்று திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், ஈரி என்னும் பேரேரியின் மணற்கரையில், 1913ஆம் ஆண்டுக் கோடை காலத்தில் இரண்டு இளைஞர் ஓய்வு கிடைத்த வேளையெல்லாம் ஒரு பந்தை எறிவதும் பிடிப்பதுமாக இருந்தனர். பிடித்தவரின் பெயர் நூட் ரொக்னி. பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதும் கொண்டாடப்பட்ட பயிற்றுநர் அவர். அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். எறிந்தவரின் பெயர் கஸ் டோரே. ரொக்னியைப் பற்றி எழுதுவோர் டோரேயை ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுவது வழக்கம். இன்று அந்த ஓரிரு வரிகளுக்கு உரியவரின் வாழ்க்கையையே உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

அதற்கு முன் இந்த ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நம் நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றில் ஆடப்படும் றகர் ஆட்டத்திற்கே அது நெருங்கிய உறவு. பந்து முட்டை வடிவமானது. ஒரு பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்கிற்குள் பத்துக் கெஜத் தூரம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். தாக்கும் அணியை நடத்துபவர் குவாட்டர்பேக் எனப்படுவார். அடுத்த முயற்சியில் என்ன செய்வது என்பதை அணியினருக்கு அறிவித்து, பந்து கைக்கு வந்ததும் அதை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று நொடிப்பொழுதில் முடிவு செய்பவர் அவரே. டோரே இந்த இடத்திலேயே ஆடினார்.

ஆரம்ப காலத்தில் றகரைப் போலவே இந்த ஆட்டத்திலும் பந்தை முன்னோக்கி எறிவதற்கு அனுமதி இருக்கவில்லை. ஆகவே இளைஞர் கூட்டமாகத் திரண்டு ஒருவரையொருவர் இடித்து மோதிக்கொண்டு முன்னேறுவதே ஆட்டம் என்றாயிற்று. எலும்பு முறிவுகள் சாதாரணம். 1905இல் மட்டும் பல இளைஞர் இவ்வாட்டத்தினால் உயிரிழந்தனர். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவிற்கு நிலைமை முற்றியது. அதன் பின், 1906இல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி பிறந்தது. ஆனால் அதனைச் சூழப் பல தடைகளும் இருந்தன. எறிந்த பந்து பிடிபடாமற் போனால் கடுமையான தண்டனை. இருபது கெஜத்திற்கு மேல் எறியவும் கூடாது. பந்தும் இன்றுள்ளதைவிடப் பருத்திருந்தது. ஒரு கையாற் பற்றி எறிவது இலகுவன்று. எனவே பழைய பெருங் கல்லூரிகள் எறிதலை ஏதோ அவசரத்திற்கு உதவும் தந்திரமாகவே கருதின. 1912இல்தான் தூரக் கட்டுப்பாடு நீங்கிப் பந்தும் சற்று மெலிந்தது.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். முன்னோக்கிப் பந்தெறியும் முறையை ரொக்னியும் டோரேயுமே கண்டுபிடித்தார்கள் என்று பலர் எழுதியிருக்கின்றார்கள். அது சரியன்று. விதி பிறந்த 1906ஆம் ஆண்டிலேயே, இயேசு சபைக் குருமார் நடத்திய செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் அணி, எடி கோச்செம்ஸ் என்னும் பயிற்றுநரின் கீழ் அதனை ஆடிக் காட்டிவிட்டது. ரொக்னியே இதனை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கின்றார். அந்த நண்பர்கள் இருவரும் செய்தது வேறு. பலரும் நம்பாத ஒன்றைப் பொறுமையோடு பழகி, நாடே பார்க்கும்படி செய்து காட்டினார்கள்.

சார்லஸ் எமில் டோரே 1891ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள சிப்பேவா ஃபோல்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெயரைக் கொண்டே அவருடைய முன்னோர் பிரெஞ்சு வழி வந்தவர்கள் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். கஸ் என்பது கல்லூரித் தோழர் வைத்த பட்டப்பெயர். குஸ்தாவ் டோரே என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியரின் பெயரை வகுப்பிற் கேட்ட மாணவர், தம் தோழருக்கும் அதனைச் சூட்டிவிட்டார்கள் என்பர். அந்தப் பெயரே இறுதிவரை நிலைத்தது. உருவத்தில் அவர் சிறியவர். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல். எடையோ 150 இறாத்தலுக்கும் குறைவு. இடித்து மோதும் ஆட்டத்திற்கு இத்தகைய உடம்பைப் பார்த்து எவரும் ஆள் சேர்க்கமாட்டார்கள்.

1910இல் அவர் இந்தியானா மாநிலத்திலுள்ள நோத்ர டாம் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பிரெஞ்சு மொழியில் நோத்ர டாம் என்றால் நம் அன்னை என்பது பொருள். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த எட்வர்ட் சொரின் அடிகளார் 1842இல் காட்டு நிலத்தில் ஆரம்பித்த கல்விக்கூடம் அது. டோரே சேர்ந்த காலத்தில் அதற்கு அமெரிக்காவின் கீழைக் கரையிலுள்ள பெரும் பல்கலைக்கழகங்களின் செல்வமோ செல்வாக்கோ இருக்கவில்லை. குடியேறிய ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள்.

அதே ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தவர்தான் ரொக்னி. அவர் நோர்வே நாட்டிற் பிறந்தவர். ஐந்து வயதிற் குடும்பத்தோடு சிக்காகோவிற்கு வந்தவர். லுத்தரன் மதத்தவர். தபாற் கந்தோரில் வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு 22 வயதிற் படிக்க வந்தவர். கத்தோலிக்கக் கல்விக்கூடத்தில் தமக்கு இடம் பொருந்துமோ என்று கலங்கியிருக்கக்கூடியவர். டோரேயைவிட மூன்று வயது மூத்தவர். விடுதியில் இவ்விருவரும் ஒரே அறையிற் குடியிருந்தார்கள். சிறிய உருவமுள்ள பிரெஞ்சு வழிக் கத்தோலிக்கரும், மூக்கு நசுங்கிய நோர்வே நாட்டவரும் இணைபிரியாத நண்பரானார்கள்.

டோரே விரைவில் அணியின் குவாட்டர்பேக் ஆனார். 1912இல் அவர் அணித்தலைவர். அடுத்த ஆண்டில் ரொக்னி அணித்தலைவர். 1911, 1912, 1913 ஆகிய மூன்று பருவங்களிலும் நோத்ர டாம் ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. ஆயினும் நாட்டில் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. சிறு கல்லூரிகளை வென்ற சிறு கல்லூரி என்பதே அதன் பெயர்.

1913இல் ஜெஸ்ஸி ஹார்ப்பர் என்பவர் பயிற்றுநராக வந்தார். அவ்வாண்டு நவம்பரில் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியோடு ஆட ஏற்பாடாகியிருந்தது. அந்தக் கோடை விடுமுறையில்தான் டோரேயும் ரொக்னியும் ஈரி ஏரிக்கரையிலுள்ள சீடர் பொயின்ட் என்னும் உல்லாசத் தலத்திற்குக் கூலி வேலைக்குப் போனார்கள். நீராட வருவோரைக் காவல் காப்பது முதலிய வேலைகள். போகும்போது ஒரு பந்தையும் எடுத்துச் சென்றார்கள்.

வேலை ஒழிந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்காலத்திற் பந்தைப் பிடிப்பவர் ஓரிடத்தில் நின்று, வயிற்றோடு அணைத்தே பிடிப்பார். அப்படி நின்று பிடிப்பவரை எதிராளி இலகுவில் வீழ்த்திவிடலாம். ரொக்னி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, திசை மாறிக்கொண்டே, கைகளினாற் பிடிக்கப் பழகினார். அப்படியானால் எறிபவருடைய வேலை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஓடுபவர் இப்போது நிற்கும் இடத்திற்கு எறிந்து பயனில்லை. இன்னும் சில நொடிகளில் அவர் வந்து சேரப்போகும் வெற்றிடத்திற்கே எறிய வேண்டும். பந்து சுழன்றுகொண்டு நேராகப் போக வேண்டும். உயரமும் வேகமும் அளவோடிருக்க வேண்டும். மணலிற் கால் புதைய, ஏரிக்காற்று எதிர்த்து வீச, டோரே இதனை மீண்டும் மீண்டும் பழகினார். தோழர் எங்கே வருவார் என்று அறிந்து, அவர் வருமுன்னரே எறிந்துவிட வேண்டும். இதற்குக் கைவலிமை மட்டும் போதாது. ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையும் வேண்டும்.

நவம்பர் 1ஆம் திகதி வந்தது. நோத்ர டாம் அணி புகையிரதத்தில் நெடுந்தூரம் பிரயாணம் செய்து, நியூ யோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள வெஸ்ட் பொயின்டை அடைந்தது. வழிச்செலவிற்கென இராணுவக் கல்லூரி கொடுத்தது ஆயிரம் டொலர். இராணுவ அணி வலிமை மிக்கது. மேற்கிலிருந்து வரும் இந்தச் சிறு கல்லூரியோடான ஆட்டம் தனக்கு ஒரு பயிற்சி ஆட்டம் போலவே அமையும் என்று அது எண்ணியது.

முதற் பாதியில் டோரே எறிந்த பந்தை, காவலின்றி ஓடிய ரொக்னி பிடித்துக் கோட்டைத் தாண்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். இராணுவ அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. இடைவேளையின்போது நோத்ர டாமுக்கு 14, இராணுவத்திற்கு 13. இரண்டாம் பாதியில் எதிரணிக்கு ஒரு தர்மசங்கடம் உண்டாயிற்று. எறியப்படும் பந்தைத் தடுக்க அவர்கள் மைதானமெங்கும் பரந்து நின்றால், நோத்ர டாமின் பலசாலியான ரே ஐக்கன்லாப் நடுவே புகுந்து ஓடினார். அவரைத் தடுக்க நடுவே கூடினால் டோரே பந்தைத் தலைக்கு மேலாக எறிந்தார். அந்தப் பாதியில் இராணுவ அணி ஒரு புள்ளிதானும் பெறவில்லை. முடிவில் 35க்கு 13 என்று நோத்ர டாம் வென்றது. டோரே அன்று எறிந்தவை 17. அவற்றுள் 14 பிடிபட்டன, 243 கெஜத் தூரம் கிடைத்தது என்பதே பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அக்காலத்தில் இது கேள்விப்படாத தொகை. இராணுவ அணி அப்பருவம் முழுவதிலும் தோற்றது இந்த ஓர் ஆட்டத்தில் மட்டுமே. மறுநாட் பத்திரிகைகளில் நோத்ர டாமின் பெயர் நாடெங்கும் பரவியது. அகில அமெரிக்க வீரர் வரிசையிலும் டோரேயின் பெயரைச் சிலர் சேர்த்தார்கள்.

1914இற் படிப்பு முடிந்தது. நண்பர் இருவரும் பிரிய வேண்டிய காலம். ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் டபியூக் என்னும் நகர் உண்டு. அங்கே மத்தியாஸ் லோராஸ் ஆண்டகை 1839இல் நிறுவிய கத்தோலிக்கக் கல்லூரிக்கு ஒரு பயிற்றுநர் தேவைப்பட்டார். அந்த ஓர் இடத்தையே இருவரும் விரும்பினார்கள். ஒரு நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தார்கள் என்றும், டோரேக்கே அதிர்ஷ்டம் விழுந்தது என்றும் சொல்லப்படுகின்றது. டோரே டபியூக் சென்றார். ரொக்னி வேறு வழியின்றி நோத்ர டாமிலேயே தங்கி, இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் ஹார்ப்பருக்குத் துணைப் பயிற்றுநராகவும் அமர்ந்தார். அவ்வாண்டு யூலையில் ரொக்னிக்குத் திருமணம் நடந்தது. ஈரி ஏரிக்கரையில் வேலை செய்தபோது அறிமுகமான பொனி ஸ்கைல்ஸ் என்பவரே மணமகள். மாப்பிள்ளைத் தோழராக நின்றவர் டோரே.

வாசகர்களே, அந்த நாணயத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதில் வென்றவர் சிறு கல்லூரிக்குப் போனார். தோற்றவர் இருந்த இடத்திலேயே இருந்தார். நான்கு ஆண்டுகளின் பின், 1918இல், தோற்றவரே நோத்ர டாமின் தலைமைப் பயிற்றுநரானார். பதின்மூன்று பருவங்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 சமநிலை. அமெரிக்காவின் தலைசிறந்த பயிற்றுநர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. வென்றவரின் கதை அமைதியான வழியிற் சென்றது.

டபியூக்கில் டோரே நான்கு பருவங்கள் பணியாற்றினார். ஓய்வு நாட்களிற் பணத்திற்காக ஆடும் அணிகளிலும் ஆடினார். 1915இல் ஒகாயோவின் மசிலன் நகர அணிக்காக அவரும் ரொக்னியும் மறுபடியும் சேர்ந்து கொண்டார்கள். அவ்வாண்டு பெரும் வீரரான ஜிம் தோர்ப்பின் கன்ரன் அணியை மசிலன் அணி ஒருமுறை 16க்கு 0 என்று வென்றது. அதிற் பந்தை உதைத்துக் கம்பத்திற்கு மேலாக மூன்று முறை அனுப்பியவர் டோரே. முதலாம் உலகப் போரின்போது அவர் இராணுவத்திற் சேவை செய்தார். போர் முடிந்தபின், 1919இல், ஓராண்டு நோத்ர டாமிற்குத் திரும்பி ரொக்னிக்குத் துணைப் பயிற்றுநராக நின்றார். அந்த ஆண்டு நோத்ர டாம் ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதையும் வென்றது. ஒரு காலத்தில் தம் கையிலிருந்து பந்தைப் பெற்றவருக்குக் கீழே நின்று வேலை செய்வது எல்லாராலும் முடிந்த காரியமன்று. டோரே அதைச் செய்தார்.

1920இல் மேற்குக் கரை நோக்கிப் புறப்பட்டார். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் இயேசு சபையினர் 1887இல் ஆரம்பித்த கொன்சாகா பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அங்கே ஐந்து பருவங்கள். மாணவர் தொகை குறைந்த அந்த இடத்திலிருந்து அவர் உருவாக்கிய அணி, 1922 நத்தார் தினத்தன்று கலிபோர்னியாவின் சன் டியேகோ நகரில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியது. 21க்கு 13 என்று தோற்றாலும், அந்தத் தோல்வி வெற்றிக்குக் குறையாத பெயரை வாங்கித் தந்தது. 1924இல் அவ்வணி தோல்வியே காணவில்லை. அவரிடம் அங்கே பயின்றவர்களுள் ஒருவர் ரே பிளாஹர்ட்டி. இந்தப் பெயரை மறவாதீர்கள். மீண்டும் வருவோம்.

1925இல் இயேசு சபையினரின் இன்னொரு கல்விக்கூடமான டிட்ரோயிட் பல்கலைக்கழகத்தில் டோரே பொறுப்பேற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் ரொக்னி கத்தோலிக்க திருமறையில் ஞானஸ்நானம் பெற்றார். பதினைந்து ஆண்டுகள் குருமாரோடும் கத்தோலிக்க இளைஞரோடும் பழகியபின், எவருடைய நெருக்குதலுமின்றி அவர் எடுத்த முடிவு அது. 1927இல் பழைய அறைத் தோழர் இருவரும் மைதானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். நோத்ர டாம் டிட்ரோயிட்டிற்கு வந்து ஆடி 20க்கு 0 என்று வென்றது. புகழ் எந்தப் பக்கம் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லியது.

ஆனால் டோரே சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே அவருடைய டிட்ரோயிட் அணி ஒன்பது ஆட்டங்களில் ஒன்பதையும் வென்றது. மூன்றாண்டுகளின் பின், 1931 மார்ச் 31ஆம் திகதி, கன்சாஸ் மாநிலத்தில் விமானம் வீழ்ந்து ரொக்னி மாண்டார். வயது 43. நாடே துக்கம் கொண்டாடியது. நோர்வே மன்னரும் தம் பிரதிநிதியை அடக்கச் சடங்கிற்கு அனுப்பினார். மரித்த நண்பரின் பெயர் கதையாகவும் காவியமாகவும் வளர்ந்துகொண்டிருக்க, உயிரோடிருந்தவர் டிட்ரோயிட்டில் நாள்தோறும் பிற்பகலில் இளைஞருக்கு எறியவும் பிடிக்கவும் கற்பித்துக்கொண்டிருந்தார். பொருளாதார வீழ்ச்சியினால் அந்த மோட்டார்த் தொழில் நகரம் வேலையின்றித் தவித்த ஆண்டுகளிலும் அவர் அங்கேயே நிலைத்தார். பதினெட்டுப் பருவங்கள்! அவ்விடத்தில் அவர் பெற்ற வெற்றிகள் 113, தோல்விகள் 48, சமநிலை 7. நகரசபை அங்கத்தவராகவும் சில காலம் நகர மக்களுக்குச் சேவை செய்தார்.

1937இல் அவருக்கு ஒரு பெருநாள் வாய்த்தது. அக்காலத்தில் ஆண்டுதோறும் சிக்காகோ நகரில், கல்லூரிகளிலிருந்து வெளியேறிய சிறந்த வீரர்களின் அணி ஒன்று, தொழில்முறைச் சம்பியன் அணியோடு மோதுவது வழக்கம். முதல் மூன்று ஆண்டுகளிலும் கல்லூரி வீரர் வென்றதில்லை. நான்காம் ஆண்டில் அவர்களுக்குப் பயிற்றுநராகத் தெரிவு செய்யப்பட்டவர் டோரே. செப்டெம்பர் முதலாந் திகதி இரவு, 80 ஆயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில், அவருடைய இளைஞர் கிறீன் பே அணியை 6க்கு 0 என்று வென்றார்கள். அந்த ஆறு புள்ளிகள் எப்படி வந்தன? டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த சாமி போ என்னும் இளைஞர் எறிந்த பந்தை, லூசியானாவைச் சேர்ந்த கேய்னல் டின்ஸ்லி பிடித்துக்கொண்டு ஓடினார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வெஸ்ட் பொயின்டில் நடந்ததே மீண்டும் நடந்தது. இம்முறை எறிந்தவர் வேறு. எறியச் செய்தவர் டோரே.

இன்னும் கேளுங்கள். அதே ஆண்டு டிசம்பரில் அந்தச் சாமி போ வாஷிங்டன் அணிக்காக எறிந்து, தொழில்முறைச் சம்பியன் பட்டத்தைப் பெற்றுக் கொடுத்தார். அந்த வாஷிங்டன் அணியின் பயிற்றுநர் யார்? கொன்சாகாவில் டோரேயிடம் பயின்ற ரே பிளாஹர்ட்டி. பின்னர் எறிபந்து ஆட்டத்தின் மாபெரும் வீரர் என்று சாமி போ போற்றப்பட்டார்.

1943இல் டோரே கல்லூரி ஆட்டத்தை விட்டு, டிட்ரோயிட் லயன்ஸ் என்னும் தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்றுநரானார். முந்திய ஆண்டில் அந்த அணி பதினொரு ஆட்டங்கள் ஆடிப் பதினொன்றிலும் தோற்றிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வீரர் பலர் போர்முனையில். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி டிட்ரோயிட்டில் நியூ யோர்க் அணியோடு நடந்த ஆட்டம் 0க்கு 0 என்று முடிந்தது. தேசிய உதைபந்தாட்டக் கழக வரலாற்றில் இரு பக்கமும் புள்ளியின்றி முடிந்த கடைசி ஆட்டம் அதுவே. எறிதலால் ஆட்டத்திற்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் ஒருவருக்கு இந்தச் சாதனையும் உரிமையாயிற்று என்பது விதியின் விளையாட்டுத்தான்!

ஆயினும் அணி எழுந்தது. 1944இல் ஆறு வெற்றி, 1945இல் ஏழு வெற்றி. பின்னர் திடீரென வீழ்ச்சி. 1946இல் பதினொரு ஆட்டங்களிற் பத்துத் தோல்வி. 1947இல் பன்னிரண்டில் ஒன்பது தோல்வி. கூட்டிப் பார்த்தால் ஐந்து பருவங்களில் 20 வெற்றி, 31 தோல்வி, 2 சமநிலை. அத்தோடு அவருடைய தலைமைப் பயிற்றுநர்ப் பணி முடிவடைந்தது. டிட்ரோயிட் மக்கள் முன்னிலையில் உழைத்து நற்பெயர் பெற்றவர், அதே மக்கள் முன்னிலையில் தோற்று வெளியேறினார். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. நல்ல மனிதரின் வாழ்க்கை எப்போதும் கைதட்டலோடுதான் முடியும் என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் அது பொய்யாகும்.

1954 ஜனவரியில், மிச்சிகன் மாநிலத்தின் பேமிங்ஹாம் நகரில், 62 வயதில் கஸ் டோரே காலமானார். அதே ஆண்டிற் கல்லூரி உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது. ரொக்னியின் பெயர் மூன்றாண்டுகளுக்கு முன்பே அங்கே இடம் பெற்றிருந்தது.

அவர் உழைத்த இடங்களுக்கு என்ன நேர்ந்தது? கொன்சாகா 1941இன் பின் இவ்வாட்டத்தைக் கைவிட்டது. டிட்ரோயிட் பல்கலைக்கழகமும் 1964இற் கைவிட்டது. பதினெட்டு ஆண்டுகள் அவர் கட்டி வளர்த்த அணி இன்று இல்லை. டபியூக்கில், லோராஸ் கல்லூரி என்று பெயர் மாறிய அந்தப் பழைய கல்லூரியில் மட்டும் ஆட்டம் தொடர்கின்றது. மூன்று கல்லூரிகளிலும் இருபத்தேழு பருவங்கள். 150 வெற்றி, 70 தோல்வி, 12 சமநிலை. இவை ஏட்டில் உள்ள கணக்கு.

ஏட்டில் இல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. 1940இல் ரொக்னியின் வாழ்க்கையைத் திரைப்படமாக்கியபோது, டோரே அதில் ஒரு துணைப் பாத்திரமாகவே வந்தார். அப்படத்திலும் ஏரிக்கரை உண்டு, பந்தும் உண்டு. ஆனால் கதை பிடித்தவருடைய கதை. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. ரொக்னி பெரியவர்தான். ஆயினும் மணலில் அவர் ஓடிய திசையை முன்கூட்டியே அறிந்து, அவர் வந்து சேருமுன் அந்த வெற்றிடத்திற் பந்தைச் சேர்த்த ஒருவர் இல்லாவிட்டால், அவர் நீட்டிய கைகள் வெறுங்கைகளாகவே இருந்திருக்கும்.

இன்று அமெரிக்காவில் இந்த ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும், பந்தைப் பிடிப்பவர் வந்து சேருமுன்னரே அவர் வரும் இடத்திற்கு எறியப் பழகிய இளைஞர் ஆடிக்கொண்டிருக்கின்றார்கள். அவர்களுட் பெரும்பாலோர் டோரேயின் பெயரை அறியார். அறிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கில்லை. கற்பித்தவரின் பெயர் மறந்த பின்பும் கற்பித்தது நிலைக்குமானால் அந்தப் பணி வீணாகவில்லை.

பெற்றோரே, ஆசிரியர்களே, இதை உங்களை நினைத்தே எழுதுகின்றோம். உங்கள் கையிலிருந்து புறப்பட்டதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஆரவாரமும் அவருக்கே. அடுத்த முறை உங்கள் பிள்ளைகளோடு ஓர் ஆட்டம் பார்க்கப் போகும்போது, கைதட்டி முடித்தபின், எறிந்தவர் எங்கே நின்றார் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள்.